நாலாவது அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்

ஒன்றரை வருடம் கணக்குப் போட்டு, வரைந்து, வெட்டி, ஒட்டி நான் செய்த பெட்டியின் மேல் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். சும்மா ஓரமாக உட்காரவில்லை. மடித்த கோணிப்பையைப் பெட்டி மேல் விரித்து, வசதியாகச் சாய்ந்து, வஞ்சிரத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். மீனெல்லாம் வழக்கம்போல முன்னால் கிடந்த பலகையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா அப்டியே நின்னுட்ட? உன் பொட்டி சூப்பரா கீது. ஒரு வாரமா இடுப்பு வலியே காணோம்."

அது மீனை வைக்க வேண்டிய பெட்டி. உள்ளே ஐஸ் போட்டு மூடினால், சென்னை வெயிலிலும் காலையிலிருந்து மாலை வரை குளிர் போகாத பெட்டி. அதற்காகத்தான் நான் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்னக் கடையில் பன்னிரண்டு வருடம் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தேன். மற்றதெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றதுதான். தி.நகரில், மயிலாப்பூரில், அடையாறில் நான் போகாத மாடிப்படி கிடையாது. போன வீட்டில் எல்லாம் முதலில் மெஷினைப் பார்க்க மாட்டேன், வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார் ஒருவர். "சத்தம் போடுது, ஆனா கோபமா இல்ல, மொனகுற மாதிரி" என்பார் இன்னொருவர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாமி சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை: "காத்து சில்லுன்னு வரதுப்பா. ஆனா குளிர மாட்டேங்கறது." இப்படிச் சொல்வதை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது என் பைத்தியம். எந்த மீட்டரையும்விட அந்தப் பேச்சு பழுதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

மாமி சொன்ன அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தேடித்தான் படிக்கவே ஆரம்பித்தேன். கோட்டூர்புரம் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெப்பப் பரிமாற்றப் புத்தகத்தை ஒரு பக்கமும் ஆங்கில அகராதியை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்காருவேன். அப்புறம் டிப்ளமா, அப்புறம் மாலைக் கல்லூரியில் பி.இ. அதற்கும் அப்புறம், முப்பத்தைந்து வயதில், அடையாறு பக்கம் ஒரு பெரிய பொறியியல் நிறுவனத்தில் ஆய்வு எம்.எஸ். இதில் பரீட்சை எழுதித் தப்பிக்க முடியாது. ஒரு கேள்வியை நாமே எடுத்து, நாமே பதில் கண்டுபிடித்து, புத்தகமாக எழுதி, ஒரு குழுவின் முன்னால் நின்று காப்பாற்ற வேண்டும். எங்கள் தெருவில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. "எம்.எஸ்.னா ஆபரேஷன் டாக்டராச்சே? ஏசிக்கு வயித்தக் கிழிக்கப் போறியா மச்சி?" என்றார்கள். வயிற்றைக் கிழிப்பதைத்தான் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன், இப்போது தைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

என் கேள்வி, நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. விடியற்காலை படகிலிருந்து இறங்கிய மீன் பதினோரு மணி வெயிலில் துவண்டுவிடும். பாதி விலைக்குக் கொடுப்பார்கள், மீதியைக் கொட்டுவார்கள். மலிவான, தூக்கக்கூடிய, நன்றாகக் குளிர் பிடிக்கும் பெட்டி ஒன்று செய்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் சூடேற்றிய அறைக்குள் வைத்துப் பார்த்ததில் என் பெட்டி பிரமாதமாக நின்றது. வரைபடங்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள் மாதிரி வளைந்தன. ஆறு பெட்டி செய்து ஆறு பேரிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால், ஒன்று நாற்காலி. இரண்டாவதில் மாற்றுப் புடவையும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. மூன்றாவது, ஒருவர் வீட்டில் அரிசிப் பெட்டியாகிவிட்டது, "எறும்பே வரல தம்பி" என்று பாராட்டு வேறு. மற்ற மூன்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரு பெட்டியில்கூட மீன் இல்லை.

நாற்காலி அக்காவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஏன் என்று. "கொஞ்ச நேரம் இப்டி குந்து" என்றார். குந்தினேன். ஸ்கூட்டரில் ஓர் அம்மா வந்து நின்றார். கூடையை மாட்டியபடியே, காலைக்கூட கீழே ஊன்றாமல் கேட்டார்:

"ஐஸ் மீனா?"

"ஐயே, ஐஸா? கடல்லேர்ந்து இப்பத்தான் வந்துச்சும்மா. செவுளத் தூக்கிப் பாரு, ரத்தமா கீது."

அடுத்து வந்தவரும் அதையேதான் கேட்டார். அதற்கடுத்தவரும். சென்னையில் மீன் வாங்குபவர்களுக்கு ஐஸ் என்றால் பழைய மீன், வேறெங்கோ பிடித்து லாரியில் வந்த மீன். ஐஸ் பெட்டி கண்ணில் பட்டால் ஸ்கூட்டர் நிற்கவே நிற்காது. மீனைக் காப்பாற்ற நான் செய்த பெட்டி, மீனின் மானத்தை வாங்கியிருக்கிறது.

"இது உனுக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "நீயும்தான் என்கிட்ட மீனு வாங்குற. முதமுதல்ல இன்னா கேட்ட, நெனப்பு கீதா?"

இருந்தது. நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். ஊர் முழுக்கச் சொல்வதை நோட்டில் எழுதி வைத்தவன் என் வாயிலிருந்து வந்ததை எழுதவில்லை.

வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மனைவிதான் வழி காட்டினாள். தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். "கண்ணாடி அலமாரில அடுக்கி வெச்சா ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க. அதே புடவைய மேசைல கொட்டிப் போடு, அள்ளிட்டுப் போவாங்க. நீ மூடி வெச்சது தப்பு. கொட்டியே போடு. குளிர அடில வெய்" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் பலகை. மேலே மெல்லிய அலுமினியத் தகடு, அதன்மேல் அக்காவின் அதே பழைய நீல பிளாஸ்டிக் விரிப்பு. தகட்டுக்குக் கீழே நான்கு விரல் ஆழத்துக்கு ஐஸ், ஐஸுக்கு அடியில் தடித்த ஃபோம். உருகும் நீர் ஒரு குழாய் வழியாக வாளியில் இறங்கும். அந்தச் சில்லென்ற தண்ணீரையே அக்கா அள்ளி மீன்மேல் தெளிப்பார். பார்க்கிறவர்களுக்கு வழக்கமான மீன் பலகை. மீனுக்கு மட்டும் தெரியும்.

அளப்பதற்கு மீனுக்குள் வெப்பம் அளக்கும் கம்பிகளைச் செருகி, ஒரு சின்னக் கருவியோடு இணைத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். "என்னம்மா இது, மீனுக்கு ஈ.சி.ஜி. எடுக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா சார், ஆர்ட்டு நல்லா கீதான்னு பாத்துட்டுத்தான் குடுப்போம்." அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ வாங்கிப் போனார். பலகை வேலை செய்தது. மதியம் தாண்டியும் மீன் விறைப்பாகக் கிடந்தது.

இனி எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி என்று நினைத்தேன். ஐந்து அத்தியாயம். நாலாவதில் பெட்டி தோற்ற கதையை முழுதாக எழுதினேன். அக்கா பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் படத்தையும், கழுத்துக்கு மேல் வெட்டிவிட்டு, போட்டேன். ஐந்தாவதில் பலகை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். மயிலாப்பூர்க்காரர், சுத்த சைவம். நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். ஆய்வகத்தில் மீன் இருக்கும் நாட்களில் வாசற்படியைத் தாண்டமாட்டார். அங்கேயே நின்று, "கிராஃப் நன்னா வந்திருக்கு சார். அதை மட்டும் இங்க எடுத்துண்டு வாங்கோ, மத்தது அங்கேயே இருக்கட்டும்" என்பார். நல்ல மனிதர். சண்டை என்றால் மட்டும் அவருக்கு மீன் வாசனை மாதிரி.

படிப்பை முடிக்கும் முன் குழுவின் முன்னால் ஒரு கருத்தரங்கம் நடத்த வேண்டும். குழுத் தலைவர் வெப்பவியலில் பெரிய கை. நான் பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஐந்தாவது அத்தியாயம் நல்லா இருக்கு. நாலாவதை எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"பெட்டி தோத்துதா? ஆய்வகத்துல ஜெயிச்சிருக்கே. ஒருத்தர் அது மேல உட்கார்ந்தாங்கங்கறது எந்தச் சமன்பாட்டுல வருது? அது வியாபாரக் கதை. என்ஜினியரிங் இல்ல. முதல்லேர்ந்தே பலகைதான் செஞ்சேன்னு எழுதுங்க. அடுத்த மாசம் பட்டம்."

"முதல்லேர்ந்து பலகை செய்யலையே சார்."

"யாருக்குத் தெரியும்?"

"பெட்டி மேல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியும்."

அறையில் யாரோ இருமினார்கள். என் வழிகாட்டி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. ஏசி ரிப்பேருக்குப் போகிறவன் அந்த வீட்டில் ஏற்கெனவே வந்துபோன மெக்கானிக் என்ன செய்தார் என்று கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டான் என்றேன். இந்தப் பெட்டி தோற்றதை நான் மறைத்தால், நாளைக்கு இன்னொருவன் வந்து இதே பெட்டியைச் செய்வான், அதன் மேலும் யாராவது உட்காருவார்கள் என்றேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுபடி ஒரு கருத்தரங்கம் நடத்தச் சொல்லி எழுதினார். எனக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு அந்தப் பருவத்தோடு முடிகிறது. அதற்குள் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவே ரத்து. மூன்றரை வருடமும் காற்றில்.

வெளியே வராந்தாவில் வழிகாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார் இப்படி அடம் பிடிச்சுண்டு நிக்கறேள்? இருபது பக்கம். எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. அப்பறமா தனிக் கட்டுரையா போட்டுக்கலாமே."

"அந்த இருபது பக்கம்தான் சார் நான் கத்துக்கிட்டது. மத்ததெல்லாம் நான் செஞ்சது."

"நேக்கு இந்த மாதிரி பேச வராது. ஆனா ஒண்ணு, நான் உங்களை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது பெரிய சண்டை.

வீட்டிலும் சொன்னேன். மனைவி இரண்டே கேள்வி கேட்டாள். நீ எழுதினது நிஜமா? நிஜம். அவங்க பொய்யினு சொன்னாங்களா? இல்லை. "அப்புறம் எதுக்கு எடுக்கணும்? இவ்ளோ நாள் நான் தனியா வீட்டப் பாத்துக்கிட்டது, நீ பாதி எழுதுறதுக்கா?" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கருத்தரங்கத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அறிவிப்புப் பலகையிலேயே போட்டிருக்கிறது, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்றேன்.

"எத்தினி மணிக்கு?"

"பதினொன்று."

"அப்ப வியாபாரம் நைனா. அதுவுமில்லாம நான் வந்து நின்னா, மீன்காரிய இட்டாந்து அழ வெச்சான்னுவாங்க. நீ படிச்சத நீயே சொல்லு." சங்கரா மீனைப் பிளந்துகொண்டே கேட்டார்: "அந்தப் பெரிய சாரு, மீனு துன்றவரா?"

தெரியாது, மந்தைவெளிப் பக்கம் வீடு என்று கேள்வி என்றேன்.

"துன்றவருன்னா, அவரையே கேளு."

இரண்டாவது கருத்தரங்கத்தில் நாலாவது அத்தியாயத்தோடுதான் நின்றேன். ஒரு வரி மாற்றவில்லை. தலைவர் மூன்றாவது பக்கத்திலேயே கையை உயர்த்தினார். "அப்படியே கொண்டு வந்திருக்கீங்க."

"ஆமாம் சார். எடுக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா? நீங்க மீன் வாங்கப் போறதுண்டா?"

"வாராவாரம் போறேன். அதுக்கென்ன?"

"போனதும் முதல்ல என்ன கேப்பீங்க?"

"வேறென்ன, ஐஸ் மீ..." அவர் நிறுத்திக்கொண்டார். பின் வரிசையில் ஆராய்ச்சி மாணவர்கள் சத்தமாகவே சிரித்துவிட்டார்கள். என் வழிகாட்டி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தன் கேட்டா அது சான்றாயிடுமா? ஒரு ஆள் சொன்னது துணுக்கு. அதை வெச்சு அத்தியாயம் எழுத முடியாது. எத்தனை பேர் கேட்டாங்க, எப்ப கேட்டாங்க, எதைப் பாத்துட்டுக் கேட்டாங்க? இருக்கா?"

இருந்தது. பையிலிருந்து என் நீள நோட்டை எடுத்து நீட்டினேன். பலகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும், வந்தவர் ஒவ்வொருவரும் சொன்ன முதல் வார்த்தையை வழக்கம்போல எழுதி, அடுத்தடுத்து அதையே கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கோடு போட்டு வைத்திருந்தேன். அக்கம்பக்கத்துக் கடைகளில் ஐஸ் பெட்டி கண்ணில் தெரிந்த நாள், மூடி வைத்த நாள், எல்லாம் தனித்தனியாக. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஈ.சி.ஜி. பக்கத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது.

"இதை ஏன் ஆய்வேட்டில் போடலை?"

"இது பேச்சு சார். இது என்ஜினியரிங் இல்லன்னு..." அப்போது நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர் என் அத்தியாயத்துக்குச் சொன்னதைத்தான் நான் என் நோட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அவரைவிட முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பேச்சைக் கேட்டே பழுது பார்த்தவன், பெரிய கட்டடத்துக்குள் நுழைந்ததும் அந்த நோட்டைப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அன்று என் காது சுட்டது அவர் கேள்வியால் அல்ல.

"அட்டவணையா மாத்திப் போடுங்க. நாலாவது அத்தியாயம் இருக்கட்டும்" என்றார் தலைவர். "ஆனா அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற படம் வேண்டாம். பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். படமும் இருக்கும்."

என் வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். படத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கடைசி வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் குத்தலாக ஒன்று கேட்டார். ஐஸ் இருப்பதை மறைக்கத்தானே இந்தப் பலகை, இது வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா என்று. நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். "மீன் காலையில வந்ததுதான் சார், அதுல பொய் இல்ல. ஐஸ் வெச்சா பழசுன்னு நெனக்கிறதுதான் பொய். அந்தப் பொய்ய இந்தப் பெண்கள் உண்டாக்கல. ஆனா வெயில்ல காயிறது அவங்க மீனு. கேக்கிறவங்களுக்கு நான் மறைக்க மாட்டேன்" என்றேன். கடைசி வரியைக் கொஞ்சம் வீறாப்பாகவே சொல்லிவிட்டேன். தேர்ச்சி என்றார்கள்.

ஆய்வேட்டுப் புத்தகம் கெட்டி அட்டை போட்டு வந்த அன்று முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேராக நொச்சிக்குப்பம் போனேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புரட்டினார். படம் வந்ததும் நின்றார்.

"இன்னா நைனா, பொட்டி முழுசா கீது, என் தலையக் காணோம்?"

"யாருன்னு தெரியக்கூடாதுன்னு விதி அக்கா."

"ரெண்டு வருசம் உன்ன ஓரமா குந்த வெச்சு மோர் குடுத்தவ நானு. என் தலைய வெட்டிட்டு பொட்டிய மட்டும் வெச்சிக்கின. நல்லா படிச்ச போ."

அதற்குள் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஓர் அம்மா, கையில் கூடை.

"ஐஸ் மீனா?"

அக்கா வாயைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, என் பக்கம் கையைக் காட்டினார். "அந்த சாரக் கேளும்மா. மீனுக்குன்னே பட்ச்சவரு. இதோ பாரு புக்கு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். தேர்வாளரிடம் பேசிய வீறாப்பு ஞாபகத்துக்கு வந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன்.

"ஆமாம்மா. இந்த விரிப்புக்குக் கீழ ஐஸ் இருக்கு. அதனாலதான் மீன் இவ்ளோ ஃப்ரெஷ்ஷா..."

நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஸ்கூட்டர் கலங்கரை விளக்கம் பக்கம் போய்விட்டது.

அக்கா வாளியிலிருந்து தண்ணீரை அள்ளினார். கொஞ்சம் மீனுக்கு, கொஞ்சம் எனக்கு. "பட்டம் வாங்கிட்ட இல்ல? எட்துக்கினு கெளம்பு நைனா. வியாபாரத்தக் கெடுக்கறதுக்குன்னே எம்.எஸ்.ஸு பட்ச்சிருக்கான்."

நான் கிளம்பவில்லை. அவர் எழுந்து நின்றிருந்ததால் பெட்டி காலியாக இருந்தது. கோணிப்பையைச் சரிசெய்து அதன்மேல் உட்கார்ந்தேன். உண்மையாகவே இடுப்புக்கு நன்றாகத்தான் இருந்தது. நோட்டைத் திறந்து, அன்றைய தேதியை எழுதி, 'ஐஸ் மீனா?'வுக்கு முதல் கோட்டைப் போட்டேன்.